அழகர் பெயரில் ஒரு பெட்டி

'தெரியாது' என்ற சொல்லைச் சிலுவைமுத்து வாயிலிருந்து கேட்டவர் திண்டுக்கல்லில் ஒருவரும் கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இருபத்தேழு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பிளக்ஸ், கல்வெட்டுக்கு ஸ்டென்சில் என்று எதைக் கேட்டாலும் "செஞ்சிரலாம்ணே" என்றுதான் பதில் வரும். வழி கேட்டு வருகிறவனைக்கூடத் தனக்குத் தெரியாத தெருவுக்குக் கை நீட்டி அனுப்பி வைப்பார். போனவன் எவனும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பார்.

கடைப் பலகையில் 'தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் - எம்மொழியிலும் பிழையின்றி' என்று எழுதியிருக்கும். இதில் தமிழ் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆங்கிலம் ரசீது போடும் அளவுக்குத் தெரியும். மீதி நான்கில் ஓர் எழுத்தைக் காட்டி, இது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று கேட்டால், கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு உங்களையே திருப்பிக் கேட்பார். வாட்ஸ்அப்பில் வருவதை எடுத்து ஒட்டுவார், எழுத்தைப் பெரிதாக்குவார், ஓரத்தில் பூ போடுவார், அச்சடிப்பார். பாலக்காட்டுக்குப் பூட்டு அனுப்புகிறவரும் நெல்லூருக்குத் தோல் அனுப்புகிறவரும் இப்படித்தான் லேபிள் வாங்கிப் போனார்கள். யாரும் குறை சொன்னதில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தொலைதூரத்தில் இருந்தது சிலுவைமுத்துவுக்கு வசதி.

அவர் மனைவி ஜெயமேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஆறு பாஷையில பொய் சொல்லத் தெரிஞ்ச ஒரே மனுசன் எங்க வீட்டுக்காரருதான்" என்று சக ஆசிரியைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் போகும்போதெல்லாம், "இன்னைக்கு எந்தப் பாஷையில சொல்லப் போறீக?" என்று வாசல்வரை வந்து கேட்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் பொம்மையனும் சோலைமுத்துவும் வந்து சேர்ந்தார்கள்.

இருவரும் சித்தையன்கோட்டைப் பக்கம். ஒரே குலசாமியைக் கும்பிடும் பங்காளிகள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தெருவுக்கு வந்தால் தமிழ் பேசுவார்கள். தெலுங்கில் திட்டுவார்கள், கொஞ்சுவார்கள், ஆட்டுக்கு விலை பேசுவார்கள். ஆனால் அதை எழுதவோ படிக்கவோ அந்த முந்நூறு வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு ஆளுக்கும் தெரியாது. எப்போதும் தெரிந்ததில்லை. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதும் இல்லை, சோலைமுத்து சங்கத் தலைவர் ஆகும்வரை.

உரக்கடை வைத்திருந்த சோலைமுத்துவுக்குத் திடீரென்று பாரம்பரியத்தின் மேல் பாசம் பொங்கியிருந்தது. குலசாமி கோயிலுக்கு முன்னால் புது மண்டபம் கட்டி முடித்தாகிவிட்டது. அது நிற்கும் இடம், கிணற்றோடு சேர்ந்த பதினெட்டு சென்ட், பொம்மையனின் தகப்பனார் அழகர் கொடுத்தது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. "சாமிக்குத்தானே, எடுத்துக்கங்க" என்று சொன்னதோடு சரி. "ஒம் பேருல ஒரு கல்லு வைக்கிறோம் அழகரு" என்று அன்றைக்குச் சொன்னவர்கள் நாற்பது வருடமாக வைக்கவில்லை. அழகர் போய்ச் சேர்ந்தே இருபது வருடம் ஆகிறது. பொம்மையனுக்கு இப்போது அறுபத்தாறு வயது. தகப்பன் பெயரைக் கல்லில் பார்க்காமல் போய்விடுவோமோ என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

இப்போது கல் வைப்பது என்று முடிவாகிவிட்டது. ஆனால் தெலுங்கில்தான் வைக்க வேண்டும் என்று தலைவர் ஒரே பிடியாக நின்றார்.

"தமிழ்ல வச்சா நாலு பேரு வாசிப்பாக" என்று பொம்மையன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"வாசிக்கிறதுக்கா கல்லு வைக்கிறோம்? பாரம்பரியம்யா!" என்று சோலைமுத்து அடக்கிவிட்டார்.

எழுத வேண்டிய வாசகத்தை சோலைமுத்துவின் அக்காள் மகன் செழியன் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். தெலுங்கு எழுத்தை ஒரு வருடமாகக் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டவன். புதிதாகக் கற்றவர்களுக்கு இருக்கும் வியாதி அவனுக்கும் இருந்தது. 'அழகர்' என்ற பெயரை சாதாரணத் தெலுங்கு எழுத்தில் எழுத அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தெலுங்குக் கல்வெட்டுகளில் நம்முடைய ழகரத்துக்கு ஈடாக ஓர் எழுத்து இருந்தது, பிற்காலத்தில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்தான். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் இல்லாத எழுத்து அந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். இந்தக் கிழட்டு எழுத்துக்கு எண் கிடைத்ததே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்புதான். அந்த எழுத்தை இங்கே அச்சிட்டுக் காட்டலாம். உங்கள் கைபேசியில் அது தெரியாமல் போனால் பழி என் மேல் விழும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் செழியன் நான்கு நிமிடக் குரல் பதிவாகப் பேசி, வாசகத்தோடு சேர்த்து சிலுவைமுத்துவுக்கு அனுப்பியிருந்தான். "அண்ணே, இந்த எழுத்துக்கு நம்பர் சைபர், சி, மூணு, நாலு" என்று தொடங்கியதும் சிலுவைமுத்து நிறுத்திவிட்டார். நேற்றுப் பிறந்த பயல் தனக்கு எழுத்துச் சொல்லித்தர வருகிறானா என்ற எரிச்சல். வாசகத்தை எடுத்து ஒட்டினார்.

அவருடைய கம்ப்யூட்டரும் எழுத்துருக்களும் அந்த எண் பிறப்பதற்கு முந்தைய காலத்தவை. மற்ற எழுத்தெல்லாம் வளைந்து நெளிந்து அழகாக வந்து உட்கார்ந்தன. பெயரின் இரண்டாவது இடத்தில் மட்டும், ஓட்டைத் தீப்பெட்டி மாதிரி ஒரு வெறுங்கட்டம் வந்தது. தன்னிடம் இல்லாத எழுத்துக்குக் கம்ப்யூட்டர் காட்டும் கட்டம் அது. சுருக்கமாகச் சொன்னால், 'தெரியாது' என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளும் விதம். தன் முதலாளியைவிட அது யோக்கியமாக இருந்தது.

பொம்மையன் திரையருகே குனிந்தார். "இது என்னப்பு, பொட்டி மாதிரி இருக்கு?"

சிலுவைமுத்துவுக்கும் அதே சந்தேகம் வந்தது. ஆனால் நாக்கு பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. "தெலுங்குல அது அப்பிடித்தான்ணே."

"பழைய எழுத்துய்யா. நம்ம முன்னோரு காலத்துது" என்று சோலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு வழிமொழிந்தார். தெலுங்கு எழுத்தை அவர் பார்த்ததே அன்றைக்குத்தான்.

சிலுவைமுத்து கடையில் ஒரு சட்டம் உண்டு. மாதிரித் தாளில் வாடிக்கையாளர் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு பிழை வந்தால் கடை பொறுப்பல்ல. தெலுங்கு படிக்கத் தெரியாத இருவர், தெலுங்கு படிக்கத் தெரியாத ஒருவர் நீட்டிய தாளை வாங்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை பொறுப்பாகப் பார்த்து, 'சரி பார்த்தேன்' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பொம்மையன் போடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தகப்பன் பெயர் ஆயிற்றே.

கல் கொத்தும் ஒச்சப்பன் ஸ்டென்சிலைக் கருங்கல்லில் ஒட்டி வேலையை முடித்தான். வளைவெழுத்துகளில் அங்கங்கே உளி பிசகினாலும், கட்டத்தை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வெட்டியிருந்தான். வியாழக்கிழமை கல்லை மண்டபத் தூணில் பதித்து, திரை போட்டு மூடினார்கள். ஞாயிறு திறப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைமுத்துவின் கைபேசியில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது விரல் தவறிச் செழியன் பதிவு ஓட ஆரம்பித்தது. இந்த முறை கடைசிப் பகுதியிலிருந்து. "...இன்னொண்ணுண்ணே. பழைய கம்ப்யூட்டர்ல இந்த எழுத்து இருக்காது. வெறும் பொட்டிதான் தெரியும். பொட்டி தெரிஞ்சா அதையே போட்ராதீங்க. எனக்குச் சொல்லுங்க, படமா அனுப்புறேன்."

அடுப்படியிலிருந்து ஜெயமேரி எட்டிப் பார்த்தாள். "என்ன பொட்டி?"

அவர் சொன்னார். கேட்டுவிட்டு அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் பெரியவரு பாவங்க. நாப்பது வருசம் காத்துக் கெடந்திருக்காரு. இப்பவே போயிச் சொல்லிட்டு வாங்க."

"கல்லு பதிச்சாச்சு மேரி."

"தெறக்கலையில்ல?"

சனிக்கிழமை காலையில் கிளம்பத்தான் செய்தார். பஸ் செம்பட்டி வந்ததும் இறங்கி ஒரு டீ குடித்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தார். இன்னொரு டீ குடித்தார். எதிர்ப்பக்கம் திண்டுக்கல் பஸ் காலியாக வந்து நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டார். போன இடத்தில் ஆள் இல்லை என்று ஜெயமேரியிடம் பூசி மெழுகினார். அவள் நம்பவில்லை என்பது அன்றைக்கு மதியச் சோற்றிலேயே தெரிந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை.

ஞாயிறு திறப்பு விழாவுக்குச் சால்வை போர்த்துவதற்காக அவரையும் அழைத்திருந்தார்கள். திரை விலகியதும் கூட்டம் கைதட்டியது. சோலைமுத்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்தக் கட்டத்தைப் பாருங்க. இது வெறும் எழுத்து இல்ல. நம்ம குலசாமி கருவறை! நாலு பக்கமும் சுவர், உள்ள சாமி. கண்ணுக்குத் தெரியாத சாமி!" சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இல்லாத எழுத்தின் முன்னால் ஒரு கிழவர் சூடம் ஏற்றியபோது, சால்வைக்குள் சிலுவைமுத்துவுக்கு வியர்த்து ஊற்றியது.

அப்போதுதான் யாரோ, "தீபாவ வாசிக்கச் சொல்லுங்க" என்றார்கள். தீபா பொம்மையனின் மருமகள். போன தையில் கல்யாணமாகி சித்தூரிலிருந்து வந்தவள். அந்த முந்நூறு வீட்டில் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரே ஆள். கல் விஷயத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மருமகளிடம் போய்ப் பாரம்பரியம் கேட்பதா?

அவள் கல் முன்னால் வந்து நின்றாள். முதல் எழுத்தை வாய்க்குள் சொன்னாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள். திரும்பிச் சிலுவைமுத்துவைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். அவர் இரு கையையும் கூப்பிக்கொண்டு, காதை இந்தப் பக்கம் சாய்த்து நின்றிருந்தார். தீபா மூச்சை இழுத்துக்கொண்டு 'அழகர்' என்ற முழுப் பெயரையும், அவர் நிலம் கொடுத்த செய்தியையும், எல்லாம் அங்கே எழுதியிருப்பதுபோலக் கடகடவென்று சொல்லி முடித்தாள். பொம்மையன் அழுதார். கூட்டம் மறுபடி கைதட்டியது.

தலை தப்பியது என்று சிலுவைமுத்து வீடு வந்து சேர்ந்தார். ஆனால் பெட்டி விடவில்லை. சோலைமுத்து அதைச் சங்கத்தின் சின்னம் ஆக்கிவிட்டார். கொடியில் பெட்டி, கடிதத்தாளில் பெட்டி, பனியனில் பெட்டி, பைக் நம்பர் பிளேட்டில் பெட்டி. வத்தலக்குண்டு சாலையில் வாழைத்தார் ஏற்றிப் போன லாரியின் நெற்றியில்கூடப் பெட்டி. எல்லா ஆர்டரும் சிலுவைமுத்து கடைக்கே வந்தது. சேவுகம்பட்டிப் பங்காளிகள் தாங்கள்தான் மூத்த கிளை என்று இரட்டைக் கோடு போட்ட பெட்டி கேட்டார்கள். இளைய கிளை இதை ஒப்பவில்லை. இரண்டு தரப்பும் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். வெறுங்கட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒருவருக்குப் பல் உடைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பொம்மையன் தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. ஆனா தெனம் கோயிலுக்குப் போயி அந்தப் பேர விரலால தடவிப் பாப்பேன். மூணு எழுத்து வளைஞ்சு போகுது. இது மட்டும் மொட்டையா நிக்கிது. மருமகள்ட்ட கேட்டேன். மொகத்தத் திருப்பிக்கிருது, அச்சடிச்சவருகிட்டயே கேளுங்க மாமாங்குது. நீ சொல்லு. எங்கப்பன் பேருல பொட்டி ஏதுய்யா?"

'அது அப்பிடித்தான்ணே' என்ற பதில் தொண்டைவரை வந்துவிட்டது. கிழவரின் ஆள்காட்டி விரல் நுனியைப் பார்த்தார். கருங்கல் தூசி ஏறிக் கறுத்திருந்தது. அதற்குமேல் பொய் ஓடவில்லை.

"அண்ணே, எனக்குத் தெலுங்கு தெரியாதுண்ணே."

சிலுவைமுத்து கம்ப்யூட்டர், எண், எழுத்துரு, குரல் பதிவு, செம்பட்டி டீ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாதிரியாரிடம்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. கேட்டு முடித்து, "அப்பிடின்னா அது ஒண்ணுமே இல்லியா?" என்றார் பொம்மையன்.

"ஒண்ணுமே இல்லண்ணே."

கிழவருக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "வா, தலைவர்ட்டப் போவம்" என்று மட்டும் சொன்னார். அவமானம் என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டாம் வயதில் சிலுவைமுத்துவுக்குப் புரிந்தது.

உரக்கடையில் சோலைமுத்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சிவந்தது. "யோவ், தெலுங்கப் பத்தி ஒனக்கு என்னய்யா தெரியும்?"

"அதத்தாங்கண்ணே சொல்ல வந்தேன்."

"இந்தப் பேச்சு வெளிய போகக் கூடாது. கொடி ஏத்தியாச்சு, சின்னம் பதிவு பண்ணியாச்சு. அதுக்காக ஒருத்தன் பல்லே போயிருச்சு. இப்பப் போயி அது ஒண்ணும் இல்லன்னா, சங்கம்னு என்னய்யா இருக்கு?" பிறகு பொம்மையனிடம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஒரு எழுத்துதானே பொம்மையா. மத்தது எல்லாம் சரியாத்தானே இருக்கு? விடு."

பொம்மையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மறுநாள் காலை சிலுவைமுத்துவுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஒச்சப்பன வரச் சொல்லிருக்கேன். நீயும் வா. ஸ்டென்சிலு நீதான் வெட்டணும்."

அவர் கோயிலுக்குப் போனபோது தீபா நோட்டுத் தாளில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். விஷயம் தெரிந்து செழியன் பெங்களூரிலிருந்து அழைத்து, அந்தப் பழைய எழுத்தைத்தான் போட வேண்டும், சரித்திரம் கெட்டுவிடும் என்று குதித்தான்.

"அந்த எழுத்த எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த தெலுங்கு சாருக்கே தெரியாது. இத எழுதுனா மூணாங்கிளாஸ் பிள்ளகூட வாசிக்கும்" என்றாள் தீபா.

"வாசிக்கிறத எழுதும்மா" என்று பொம்மையன் முடித்துவிட்டார்.

சிலுவைமுத்து அந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் பக்கமே கொண்டுபோகவில்லை. தாளின் மேல் ஸ்டிக்கரை வைத்து, அவள் கையெழுத்தின் விளிம்பிலேயே பிளேடால் வெட்டினார். கல்லில் அந்தக் கட்டத்துக்குள் வேண்டிய இடம் இருந்தது. ஒச்சப்பன் உளியை வைத்தான். பாதி வளைவு இறங்கியிருக்கும், சோலைமுத்து பைக்கில் பறந்து வந்து இறங்கினார்.

"ஏலே ஒச்சப்பா, நிறுத்துடா! கருவறைக்குள்ளயா கொத்துற? சங்கச் சின்னத்துல கை வைக்க ஒனக்கு யாருய்யா அனுமதி குடுத்தது? எழுத்துல குடுத்தாங்களா?"

ஒச்சப்பன் உளியை எடுத்துவிட்டான். பொம்மையன் தூணுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் சத்தம் போட்டு அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் அவர் சத்தம் போடவில்லை.

"இந்தக் கெணத்தையும் எடத்தையும் கேட்டு வந்தப்ப எங்கப்பன் ஒங்கள்ட்ட எழுத்துல கேக்கலய்யா. வாய் வார்த்தையில தூக்கிக் குடுத்தாரு. அம்புட்டையும் வாங்கிக்கிட்டு, நீங்க அம்புட்டுப் பேரும் சேந்து அந்த மனுசனுக்கு ஒரு எழுத்துக் குடுக்க முடியலையே."

சிலுவைமுத்து தன் கையிலிருந்த பிளேடைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ கொத்துப்பா" என்றார் பொம்மையன்.